தானாப் புடிச்சுக்கும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பின்னால் சொன்னால் அடக்கத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வீர்கள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சாயங்காலம், கோயமுத்தூரில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பறையில், கழுத்தில் டை கட்டிய ஆள் ஒருவன் கடல்நீர்த் தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டபடி வெகுநேரம் நின்றுகொண்டிருந்தான். அந்த ஆள் நான்தான். கையை வெளியே எடுக்க முடியவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொட்டிக்குள் இருந்த பெரிய பாறையோடு ஒட்டிக்கொண்டுவிட்டன.

உண்மையில் பாறையில் ஒட்ட வேண்டியது ஒரு பவளத்துண்டு. காளான் போலக் குடை விரிக்கும் மென்பவளம். எங்களுக்குள் அதன் பெயரே காளான்தான். அதன் அடியில் ஒரு சொட்டுப் பசை வைத்துப் பாறையில் அழுத்தினால் வேலை முடிந்தது என்று நான் கணக்குப் போட்டேன். உடைந்த செருப்பு முதல் மூக்குக் கண்ணாடியின் காது வரை எல்லாவற்றையும் நொடியில் ஒட்டும் பசை அது. செருப்புக்கு மேலே சளி போல வழுவழுப்பு இருக்காது, பவளத்துக்கு இருக்கும் என்பது என் கணக்கில் வரவில்லை. பவளம் நழுவி, மிதந்து, தொட்டியின் மூலையில் போய்க் கவிழ்ந்து கிடந்தது. பசைக்கு அகப்பட்டவை என் விரல்கள்.

பல்வலியோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் வலியை மறந்து என்னைப் பார்த்தார்கள். ஒரு பக்கக் கன்னம் வீங்கிய அம்மாள் ஒருவர், அந்தத் தம்பிக்குக் கையிலயா பல்லு என்று பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்தார். ஸ்டெல்லாக்கா தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடிவந்தார். ஸ்டெல்லாக்கா அந்த ஆஸ்பத்திரியின் நர்ஸ், கணக்காளர், காவல்காரர், எல்லாம். அதற்குள் டாக்டர் கையில் சின்னக் கண்ணாடியோடு உள்ளேயிருந்து வெளியே வந்து, எண்ணெய்க் கிண்ணத்தைத் தடுத்துவிட்டார். ஒரு சொட்டு எண்ணெய் தண்ணீரில் விழுந்தால் பவளங்கள் எல்லாம் போய்விடுமாம். என் விரல்கள் போவதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

"இழுக்காதீங்க தம்பி. தோலு பிஞ்சு போயிருமுங்க. சித்த நேரம் அப்பிடியே நில்லுங்க, தானா உட்டுரும்," என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய், வாயைத் திறந்தபடி விட்டுவந்த நோயாளியைக் கவனிக்க ஆரம்பித்தார்.

தானாகத்தான் விட்டது. விரல் ஊறி, சுருங்கி, வெளுத்து, கடைசி நோயாளியும் போன பிறகு, மெல்லக் கழன்று வந்தது. டாக்டரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த 'தானா'தான்.

நான் அப்போது ஒரு மருந்துக் கம்பெனியின் பிரதிநிதி. தோல்பையும் டையுமாக வெயிலில் அலைந்து, டாக்டர்கள் வீட்டு வாசல்களில் பல்லைக் காட்டிப் பிழைத்தவன். ஒப்பணக்காரத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அவருடைய ஆஸ்பத்திரி. கீழே ஆஸ்பத்திரி, மாடியில் வீடு. அவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. ஒல்லியான, உயரமான, லேசாக முன்பக்கம் வளைந்த உடம்பு. எத்தனை ஆயிரம் வாய்களுக்குள் குனிந்திருப்பார்! என் கம்பெனியின் ஈறு மருந்தை அவர் ஒருநாளும் யாருக்கும் எழுதியதில்லை. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தால் போதும் என்று என் எதிரிலேயே சொல்லி அனுப்புவார். அப்படியும் நான் வாராவாரம் போனேன் என்றால், அது அந்தத் தொட்டிக்காகத்தான். மேலதிகாரிக்கு எழுதிய அறிக்கையில், 'டாக்டர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்' என்று போடுவேன். அது முழுப் பொய்யும் இல்லை. அவர் எப்போதும் எதையாவது யோசித்துக்கொண்டுதான் இருந்தார்.

பல் டாக்டருக்கு வருமானமே பல் பிடுங்குவதில்தான். இவருக்குப் பல் பிடுங்கப் பிடிக்காது. ஆடுகிற பல்லோடு ஒருவர் வந்து உட்கார்ந்தால், விரலால் அதை லேசாக அசைத்துப் பார்த்து, இன்னும் பத்து நாள் பொறுங்க, தானா விழுந்துரும் என்பார். அந்த ஆள் நேராகப் பக்கத்துத் தெருவில் இருந்த இன்னொரு டாக்டரிடம் போவார். அங்கே பல்லும் போகும், பையில் இருந்ததும் போகும், சந்தோஷமாகத் திரும்பி வருவார். எத்தனை முறை இப்படி நடந்தாலும் இவர் மாறவில்லை. ஸ்டெல்லாக்கா ஒருநாள் என்னிடம், டாக்டரு பிடுங்காம உட்ட பல்லையெல்லாம் சேத்து வெச்சிருந்தா பக்கத்துத் தெருக்காரரு மாதிரி நம்மளும் மூணு மாடி கட்டியிருக்கலாமுங்க என்றார். டாக்டர் காதில் விழும்படியாகத்தான் சொன்னார்.

தொட்டி அவருக்கு எப்படி வந்தது என்பதே ஒரு கூத்து. கோயமுத்தூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? நம் ஊரில் சிறுவாணித் தண்ணீரைப் பற்றித்தான் பெருமை பேசுவார்கள், உப்புத் தண்ணீரைப் பற்றி அல்ல. ஆனால் உக்கடம் மீன் மார்க்கெட்டுக்குக் கேரளக் கரையிலிருந்தும் ராமேசுவரத்திலிருந்தும் தினமும் லாரி வரும். அங்கே மொத்த வியாபாரம் செய்த ஒரு பாய் இவருடைய நோயாளி. ஒருமுறை அவருடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றிவிட்டார். அந்த நன்றிக்கு அந்த பாய் லாரி டிரைவர்களிடம் சொல்லி, பிளாஸ்டிக் கேன்களில் கடல்நீரை மொண்டு வரச் செய்தார். வலையில் சிக்கி வந்த ஒரு கல்லின் மேல் ஏதோ தோல் மாதிரி, சுருங்கிய காது மாதிரி ஒன்று ஒட்டியிருந்ததாம். அதையும் ஒரு வாளியில் போட்டு அனுப்பினார். அந்தக் காது, தொட்டியில் விட்ட சில நாட்களில் விரிந்து, ஆயிரம் விரல்களை நீட்டி ஆட ஆரம்பித்தது. டாக்டர் அன்று நோயாளிகளைப் பார்க்கவே இல்லையாம்.

பிறகு அவருடைய உலகம் அதைச் சுற்றித்தான். வெயில் காலத்தில் தண்ணீர் சூடேறாமல் இருக்க, வரவேற்பறையில் இருந்த ஒரே மேசை விசிறியைத் தொட்டியின் மேல் திருப்பி வைத்தார். நோயாளிகள் வேர்த்து ஒழுக உட்கார்ந்திருப்பார்கள், காளானுக்குக் காற்று வீசும். யாராவது முணுமுணுத்தால் ஸ்டெல்லாக்கா, அதுக்கு ஊட்டுக்குப் போயி உக்கார வழியில்லைங்க, உங்களுக்கு இருக்குதுல்லங்க என்று வாயடைத்துவிடுவார்.

அவர் பவளத்தை வெட்டுவதைப் பார்க்க வேண்டும். பல்லைப் பிடுங்க அத்தனை தயங்குகிற மனிதர், பவளத்தின் குடையில் ஒரு ஓரத்தை அறுவைக் கத்தியால் ஒரே இழுப்பில் எடுத்துவிடுவார். வெட்டுவதில் தயக்கமே கிடையாது. தயக்கமெல்லாம் அதற்குப் பிறகுதான். வெட்டிய துண்டை எங்கேயும் கட்ட மாட்டார், ஒட்ட மாட்டார். தொட்டிக்குள் நீரோட்டம் இல்லாத ஒரு மூலையில் ஒரு கிண்ணம், அதில் சின்னச் சின்னக் கற்கள், கற்களின் மேல் துண்டு, துண்டின் மேல் கொசுவலைத் துணி. வலையைச் சுற்றித் தையல் நூலைத் தொளதொளவென்று ஒரு சுற்று. துண்டு ஓடிப் போகாமல் இருந்தால் போதும். கல்லோடு நெருக்கமாக இருக்க வேண்டும், ஆனால் அழுத்தக் கூடாது. அப்படியே விட்டால் ஒரு நாள் அதுவாகவே ஒரு கல்லைப் பிடித்துக்கொள்ளும். நூலை எடுத்துவிட்டு, கல்லோடு தூக்கி எங்கே வேண்டுமோ அங்கே வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. என் வீட்டிலும் ஒரு தொட்டி வைத்துக்கொண்டேன், அவர் கொடுத்த துண்டு ஒன்றோடு. கல்லின் மேல் வைத்து, ரப்பர் பேண்டை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினேன். இரண்டு நாளில் ரப்பர் பவளத்தை நடுவில் அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டது. இரண்டு துண்டுகளும் தண்ணீரில் கிடந்தன. துக்கம் விசாரிக்க வந்தவர் போல் அவர் என் வீட்டுக்கு வந்து பார்த்தார். திட்டவில்லை. "இறுக்கிக் கட்டினா அறுந்துதானுங்க போகும்," என்று மட்டும் சொல்லிவிட்டு, இரண்டு துண்டுகளையும் தன் பாணியில் கிண்ணத்தில் வைத்து, வலையைப் போர்த்திவிட்டுப் போனார். இரண்டுமே பிழைத்தன. அதற்குப் பிறகு நான் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், ஒன்றை இரண்டாக்கும் கலை எனக்குத் தெரியும் என்று பீற்றிக்கொண்டேன்.

இன்னொரு முறை என் காளான் ஒரு காலையில் விரல்களை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, மெழுகு பூசியது போல் ஆகி, சுருண்டுவிட்டது. அடுத்த நாளும் அப்படியே. என் மனைவி, செத்த மீனை ஊட்டுக்குள்ள வெச்சிருக்கறது என்ன சாங்கியம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, உயிருக்குப் போராடும் குழந்தையைத் தூக்கி வரும் தகப்பன் போல ஆஸ்பத்திரிக்குள் ஓடினேன். டாக்டர் அதை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். செத்துப் போகவில்லையாம். தோல் உரிக்கிறதாம். அவ்வப்போது இப்படிச் சுருங்கிக் கிடந்து, மேல் சவ்வை உதிர்த்துவிட்டு, முன்னைவிடப் பெரிதாக விரியுமாம். தொடக் கூடாது, அவ்வளவுதான். அவர் சொன்னபடியேதான் ஆனது. அவர் சொன்னபடியேதான் எப்போதும் ஆனது. அதுதான் பின்னால் எல்லாவற்றுக்கும் வினையாகப் போயிற்று.

மனிதர்களிடமும் அவர் அதே வேலையைத்தான் செய்தார். சந்து முனையில் பாத்திரக்கடைக்காரரும் அவருக்கு அடுத்த கடையில் வளையல் விற்ற பாயும் வருஷக்கணக்கில் பேசிக்கொள்வதில்லை. மழைத்தண்ணீர் யார் பக்கம் வடிய வேண்டும் என்று ஏதோ தகராறு. இரண்டு பேருக்கும் ஒரே பருவத்தில் சொத்தைப் பல். டாக்டர் இருவருக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே நேரம் கொடுத்து, ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார். முதல் முறை ஒருவர் தொட்டியைப் பார்த்தும் மற்றவர் சுவரைப் பார்த்தும் உட்கார்ந்திருந்தார்கள். கன்னம் வீங்கியிருந்ததால் திட்டிக்கொள்ளவும் முடியவில்லை. அடுத்தடுத்த முறைகளில் பேப்பரின் நடுப்பக்கம் கை மாறியது. பிறகு ஒருநாள் பாத்திரக்கடைக்காரர் பாயிடம், உங்களுக்கும் கீழ்வரிசைதானுங்களா என்று கேட்டார். கதவிடுக்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த டாக்டரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "பாத்தீங்களா தம்பி. நானு ஒரு வார்த்தை சொல்லலீங்க. பக்கத்துல வெச்சேன், அவ்வளவுதான். தானாப் புடிச்சுக்கிச்சு," என்றார்.

எல்லாரும் ரசித்துச் சிரித்த அந்தக் குணத்தை ஸ்டெல்லாக்கா மட்டும் ஏன் ரசிக்கவில்லை என்பது எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. விளங்கியது மகளின் விஷயம் தெரிந்த பிறகுதான்.

அவருக்கு ஒரே மகள். அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தாய் இறந்துவிட்டார். மகளையும் பல் டாக்டருக்குப் படிக்க வைத்தார். அவள் மூன்றாம் வருஷத்தில் பெட்டியோடு திரும்பி வந்து, அடுத்தவர்களின் வாய்க்குள் பார்த்தே காலத்தைக் கழிக்கத் தன்னால் முடியாது, சென்னிமலை பெட்ஷீட்டுகளை வாங்கி வெளியூருக்கு விற்கும் தொழிலை ஈரோட்டில் ஒரு தோழியோடு சேர்ந்து தொடங்கப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அப்பா கத்துவார், குறைந்தபட்சம் காரணமாவது கேட்பார் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருப்பாள். அவர், "செரி கண்ணு," என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான். அந்த 'செரி'க்குள் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஈரோட்டு பஸ் ஏறும்போது, ஓரளவுக்குத் தலை தூக்கின பொறவு வாரேனுங்கப்பா என்று சொல்லிவிட்டுப் போனாளாம். அவர் பெட்டியைப் பஸ்ஸுக்குள் தூக்கி வைத்து, பத்திரமாகப் போகச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவளும் வரவில்லை, இவரும் போகவில்லை. ஈரோடு என்ன, ஏழு கடலுக்கு அப்பாலா இருக்கிறது? காலையில் ஒரு பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

அந்தப் பெண் திரும்பி வருவாளா மாட்டாளா என்பது அந்த ஆஸ்பத்திரியில் யாரும் வாய்விட்டுப் பேசாத, ஆனால் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்த ஒரே விஷயம். டாக்டர் கோபத்தில் இல்லை என்பதற்கு நான் சாட்சி. தினமும் காலையில் மேசை மேல் இருந்த டெலிபோனைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பார். நோயாளியின் வாயில் வைக்கும் கருவிக்குக் கொடுக்கும் அதே மரியாதை. ஆனால் ரிசீவரை எடுக்க மாட்டார்.

ஒரு தீபாவளிக்கு ஈரோட்டிலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே நீலக் கட்டம் போட்ட ஒரு பெட்ஷீட், வேறொன்றும் இல்லை. ஒரு வரி எழுதியிருக்கவில்லை. அவர் அதை மாடிக்கு எடுத்துப் போகாமல், வரவேற்பறை பெஞ்சின் மேல் நாலாக மடித்து விரித்தார். நோயாளிகள் எல்லாம் அதன் மேல் உட்கார்ந்தார்கள். நான் போய் அதன் மேல் உட்கார்ந்ததும், எழுந்து நில்லுங்க, சாயம் எப்பிடிப் புடிச்சிருக்குது பாருங்க, துவைச்சாலும் போவாது, நெம்ப நல்ல சரக்குங்க என்று வியாபாரி மாதிரிப் பேசினார். வரவேண்டிய ஆள் வந்துவிட்டது போல ஒரு பூரிப்பு.

ஸ்டெல்லாக்காவுக்குப் பொறுக்கவில்லை. வந்து சேந்துச்சுன்னாவது ஒரு போன் பண்ணுங்க டாக்டர், புள்ளையோட கடைக்குப் பக்கத்துக் கடை நம்பர் என்கிட்ட இருக்குதுங்க, நான் அடிச்சுக் கையில கொடுக்கறனுங்க என்று நச்சரித்தார். டாக்டர் தலையை ஆட்டி மறுத்தார்.

"இப்பத்தானுங்க ஓரம் புடிச்சிருக்குது. இப்பப் போயி ஆட்டினா உட்டுருமுங்க," என்றார்.

"அது காளானுங்க டாக்டர். அதுக்குக் காது கெடையாது. புள்ளைக்குக் காது இருக்குதுங்கல்ல," என்றார் ஸ்டெல்லாக்கா.

டாக்டர் சிரித்துக்கொண்டே தொட்டிப் பக்கம் திரும்பிவிட்டார். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததில் ஸ்டெல்லாக்கா கோபித்துக்கொண்டு உள்ளே போனார். கருவிகளைக் கொதிநீரில் போடும் சத்தம் அன்று வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

பொங்கல் கழிந்து ஒருநாள் மத்தியானம் அவளே போன் செய்தாள். டாக்டர் ஒரு நோயாளியின் பல்லைக் குடைந்துகொண்டிருந்தார். ஸ்டெல்லாக்காதான் எடுத்தார். அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா, அந்தப் பழைய இருமல் போய்விட்டதா என்று அவள் கேட்க, ஸ்டெல்லாக்கா ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு டாக்டரைக் கூப்பிட்டார். அவர் கையுறையைக் கழற்றி, சோப்புப் போட்டு, விரல் விரலாகக் கழுவி, துடைத்துக்கொண்டு வருவதற்குள் லைன் போய்விட்டது. பொது போனிலிருந்து பேசியிருப்பாள், பின்னால் ஆள் நின்றிருக்கும். திரும்ப அடிக்கச் சொல்லி ஸ்டெல்லாக்கா கெஞ்சினார். அவர் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் நான் போனபோது எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்ததே இல்லை.

மாதம் ஒருமுறை எனக்கு ஈரோட்டுப் பக்கம் வேலை இருக்கும். அடுத்த தடவை போகும்போது நான் அவளைப் பார்த்துப் பேசிவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். நான் போய் நின்றால் அப்பா ஆள் அனுப்பியிருக்கிறார் என்று அவளுக்கு ஆகிவிடுமாம். சொன்ன சொல்லை முடிக்காமல் வர வேண்டியிருக்குமாம். தலை தூக்கின பிறகு வருகிறேன் என்று சொன்ன பெண்ணை, தலை தூக்குவதற்கு முன்னால் இழுத்துக்கொண்டு வரக் கூடாதாம். நியாயமாகத்தான் பட்டது எனக்கு. என் விரல் கழன்றது, என் காளான் பிழைத்தது, பாத்திரக்கடைக்காரர் பாயின் கடையில் மகளுக்கு வளையல் வாங்கினார். அவர் பேச்சை நம்பாமல் இருக்க எனக்கு என்ன காரணம் இருந்தது?

ஆனாலும் என் கால் சும்மா இருக்கவில்லை. ஈரோட்டில் அந்தக் கடை இருந்த தெருவுக்குப் போனேன். எதிர்ச்சாரியில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டு பார்த்தேன். சின்னக் கடை. உத்தரத்திலிருந்து பெட்ஷீட்டுகள் தொங்கின. அப்பாவைப் போலவே உயரமாக, லேசாக முன்னால் வளைந்த ஒரு பெண் ஒரு பண்டலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். துப்பறிபவன் போல மீசையைத் தடவிக்கொண்டது மட்டும்தான் நான் செய்த காரியம்.

கோயமுத்தூர் வந்து டாக்டரிடம் சொன்னேன். அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். என்னை உட்கார வைத்து, வெளியே நோயாளிகள் காத்திருக்க, ஒவ்வொன்றாகக் கேட்டார். இளைத்திருக்கிறாளா, பூசினாற்போல் இருக்கிறாளா. கடையில் ஃபேன் இருக்கிறதா. கண்ணாடி போட்டிருக்கிறாளா, அவள் அம்மாவுக்கும் அந்த வயதில்தான் கண்ணாடி வந்தது. என்ன கலர் சரக்கு முன்னால் தொங்குகிறது. கூட ஆள் வைத்திருக்கிறாளா, தானேதான் பண்டலைத் தூக்குகிறாளா. நான் பார்க்காததையும் பார்த்ததாகச் சொன்னேன். ஃபேன் இருக்கிறது என்றேன். நல்ல காற்று என்றேன்.

இத்தனை ஆசை இருக்கும்போது ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று கேட்டதற்கு, கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "அவளா வரட்டுமுங்க. அப்பத்தான் நெலைக்கும்," என்றார்.

இப்போது யோசித்தால் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அது பொறுமையா, பயமா? போய் நின்று அவள் முகம் சுளித்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்த ஒரு மனிதர், அந்தப் பயத்துக்குப் பவளத்திடமிருந்து ஒரு நல்ல பெயரைக் கடன் வாங்கிக்கொண்டாரா? நாங்கள் எல்லாரும் அதை ஞானம் என்று நினைத்துத் தலையாட்டினோமா? அவரிடம் கேட்டிருக்கலாம். நான் கேட்டதெல்லாம் காளானுக்கு என்ன தீனி என்பதுதான்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் நான் ஒரு வாரம் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து வழக்கம்போல் சந்துக்குள் நுழைந்தால், பாத்திரக்கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டுக் கடையிலிருந்து இறங்கி வந்தார். விஷயத்தை அவர்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தூக்கத்திலேயே போய்விட்டாராம். மாரடைப்பு. காரியங்கள் எல்லாம் முடிந்துவிட்டனவாம். ஸ்டெல்லாக்கா விடிந்ததும் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டுக் கீழே ஓடிவந்து, ஈரோட்டில் அந்தப் பக்கத்துக் கடை நம்பருக்கு அடித்திருக்கிறார். ஒரே போன். ஒரு வார்த்தைதான் சொன்னாராம். அந்தப் பெண் கிடைத்த பஸ்ஸில் ஏறி, மத்தியானத்துக்கு முன் வந்து சேர்ந்துவிட்டாள்.

நான் உள்ளே போனேன். நோயாளிகள் இல்லாத வரவேற்பறை எவ்வளவு பெரிது என்று அன்றுதான் தெரிந்தது. தொட்டியில் காளான்கள் எல்லாம் சுருங்கிக் கிடந்தன. யார் யாரோ வந்து போன கூட்டம், ஊதுபத்திப் புகை. அவருடைய மகள் தரையில் உட்கார்ந்து, அப்பாவின் கருவிகளைத் துணியில் சுற்றி ஒரு அட்டைப்பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். ஸ்டெல்லாக்கா என்னை யார் என்று சொன்னார். அப்பாவோட சிநேகிதரு, காளான் வளப்பாரு என்றார். வளர்ப்பார் என்பது பெரிய வார்த்தை.

அவள் எழுந்து கும்பிட்டாள். இந்தத் தொட்டியை என்ன செய்வது என்று தெரியவில்லை, எல்லாம் செத்துவிட்டது போல இருக்கிறது, நீங்கள் வேண்டுமானால் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். சாகவில்லை, அப்படியே விட்டால் விரிந்துவிடும் என்றேன். அவள் தொட்டியை ஒருமுறை பார்த்தாள். மறுபடி கீழே உட்கார்ந்துகொண்டாள்.

நான் அங்கேயே வாயை மூடிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சாவு வீட்டில்கூட எதையாவது இதமாகச் சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவேன். அவர் தினமும் டெலிபோனைத் துடைத்ததை, பெட்ஷீட்டை வருகிறவர்களிடம் எல்லாம் காட்டியதை, நான் ஈரோட்டிலிருந்து வந்த அன்று ஃபேனைப் பற்றியும் கண்ணாடியைப் பற்றியும் கேட்டதை எல்லாம் சொன்னேன். எதிர்ச்சாரி டீக்கடையில் நான் நின்றதையும் மறைக்கவில்லை. அவள் கை வேலையை நிறுத்தவில்லை. ஒவ்வொரு கருவியாகச் சுற்றி வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லாக்கா போதும் என்பது போல என்னைப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. அப்பாவுக்குத் தன் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டு இந்தப் பெண் மிச்சக் காலத்தைக் கழித்துவிடக் கூடாது என்று எனக்குள் ஒரு தவிப்பு.

"உங்க மேல அப்பாவுக்கு ஒருநாளும் கோபமில்லைங்க அம்மணி," என்றேன். "கூப்பிட்டா உங்களைக் கட்டாயப்படுத்தினாப்பல ஆயிருமேன்னுதானுங்க கூப்பிடாம இருந்தாரு. நீங்களா வருவீங்கன்னு பாத்துட்டே இருந்தாருங்க."

அவள் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பனுங்க."